வலப்பக்கத்துப் புள்ளி

மார்ச் 4

மச்சான்,

உன் போனை இப்போதெல்லாம் உன் மேனேஜர்தான் எடுக்கிறார். போன வாரம் கூப்பிட்டபோது, "நீங்க யாரு, என்ன விஷயமா பேசணும்?" என்று கேட்டார். "அவர் தங்கச்சி புருஷன். சும்மாதான் பேசணும்" என்றேன். "சும்மா பேசறவங்க லிஸ்ட்ல நீங்க இல்லையே சார்" என்றார். வைத்துவிட்டேன். ஆறு வருஷம் கழித்து என்னிடமிருந்து கடிதம் வருவதற்கு அவர்தான் காரணம், என்னைத் திட்டாதே.

பைக் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆர்டருக்கு பைக்கைக் கையாலேயே கட்டிக் கொடுப்பதில் பெயர் பெற்ற மூன்று பேரையும் அவர்கள் பட்டறைகளையும் ஒப்பிட்டு எழுதப் போகிறாராம். முதலில் நீ. இரண்டாவது, ஸ்பேனருக்குக்கூடத் தங்கமுலாம் பூசி வைத்திருக்கும் அந்த மகானுபாவர். மூன்றாவது நான். "என்னை ஏங்க இதுல இழுக்கறீங்க? நான் டிவியிலயா வரேன்?" என்றேன். "வண்டி ஓட்டறவங்கதான் சொன்னாங்க. பிரேம்ல எல்லா மூட்டையும் முதலாளியே தன் கையால வெல்டிங் பண்ற பட்டறை இது ஒண்ணுதானாமே" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கையில் ஒரு அட்டவணை வைத்திருந்தார். சுத்தம், வடிவம், வெல்டிங், காத்திருக்கும் காலம், வரவேற்பு என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போடுவாராம். "வரவேற்புக்கு இங்க என்ன இருக்கு?" என்று சுற்றிப் பார்த்தார். "நான்தான்" என்றேன். அரை நட்சத்திரம் போட்டார்.

அடுத்து உன்னிடம்தான் வருகிறார். என்னைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். உனக்கு என் மேல் கோபம் இருப்பது தெரியும். வண்டியைக் கொடுப்பதற்கு முன் மூன்று நாள் நாமே ஓட்டிப் பார்ப்பது நம் வழக்கம். "டிவிக்காரங்க ஒரு வண்டி கட்ட இருபத்தோரு நாள்தான் குடுத்திருக்காங்க, ஓட்டிப் பாக்கல்லாம் நேரமில்ல மாப்ள" என்று நீ சொன்னாய். பதிலுக்கு நான் சொன்னது கடிதத்தில் எழுதும்படியானது அல்ல. நம் பட்டறையை விட்டு நான் எழுந்து வந்தேன், நீ அங்கேயே இருந்தாய். அதெல்லாம் நம்மோடு இருக்கட்டும். மற்ற கட்டங்களில் எனக்கு முட்டை விழுந்தாலும் கவலையில்லை. வெல்டிங் கட்டம்தான் என் கடை. அதில் மட்டும் பழைய சண்டையைக் கலக்காமல் பேசு. இதுதான் நான் கேட்பது.

உன் தங்கை நன்றாக இருக்கிறாள். உன் நிகழ்ச்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். நான் உள்ளே வந்தால் சேனலை மாற்றிவிடுகிறாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 17

மாப்ளே,

கடிதத்தைப் பார்த்ததும் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை ஆட்டோகிராப் கேட்டு எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். உன் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? முன்பெல்லாம் முத்து முத்தாக எழுதுவாய். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொள்.

மேனேஜரைக் கண்டித்துவிட்டேன். லிஸ்டில் உன் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், பதினேழாவது இடம்.

அட்டவணைக்காரர் வந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் ஒரு நட்சத்திரம், காபி இயந்திரத்துக்கு ஒரு நட்சத்திரம். வரவேற்பில் எனக்கு ஐந்துக்கு ஐந்து. இங்கே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். உண்மையைச் சொன்னால் வண்டியைவிட என் முகம் போட்ட பனியன்தான் அதிகம் விற்கிறது. தினமும் ஐம்பது பேர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஒருத்தனாவது "இந்த வளைவை எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டதில்லை. நீ கேட்டிருப்பாய். கேட்டுவிட்டுக் குறையும் சொல்லியிருப்பாய்.

உன் புது வண்டியின் படங்களைக் காட்டினார். பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை. மனதில் பட்டதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை.

ஆறு வருஷத்தில் என் தங்கை என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அதற்கு எந்தக் கட்டத்தில் நட்சத்திரம் போடுவது?

மச்சான்


மே 9

மதிப்பிற்குரிய ஐயா,

பத்திரிகை வந்தது. தாங்கள் சொன்னதாக அச்சாகியிருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன், மறந்திருக்கலாம்.

"அந்த வெல்டிங் அவர் கை இல்லை. பதினாறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வேறு யாரையோ வைத்துச் செய்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார். அதுவும் ஒரு முறைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்."

தங்களுக்கு நான்கு நட்சத்திரம். எனக்கு வெல்டிங் கட்டத்தில் நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு கேள்விக்குறி.

இரண்டு பேர் ஆர்டரை வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது ஆள் போன வருஷம் வாங்கிய வண்டியோடு வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். டார்ச் லைட் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துவிட்டு, "நீங்கதான் போட்டீங்களா? சத்தியமா?" என்று கேட்டார். இதுவரை என் வாடிக்கையாளர் யாரும் என்னிடம் சத்தியம் கேட்டதில்லை.

அது என் கைதான். இதற்கு மேல் தங்களிடம் சொல்ல எதுவும் இல்லை. இங்கே யாரும் சத்தத்தை நிறுத்திவிட்டுக்கூட டிவி பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்


மே 21

மாப்ளே,

ஐயாவாம், தாங்களாம். கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

நான் வாய்க்கு வந்ததை உளறினேன் என்று நினைக்கிறாய். கேள். நாம் ஆரம்பித்த அந்தத் தகரக் கொட்டகையில் நம்மிடம் இருந்தது ஒரே ஒரு முகமூடி. நீ வெல்டிங் பிடிக்கும்போது கண் கெட்டுவிடும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். நான் பிடிக்கும்போது நீ திரும்பிக்கொள்வாய். பொறி அடங்கியதும் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். அப்படி எத்தனை ஆயிரம் மூட்டு பார்த்திருப்பேன்! என் தங்கையை மறந்தாலும் மறப்பேன், உன் வெல்டிங்கை மறப்பேனா?

நீ வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம் போவாய். முடிக்கும் இடத்தில் ஒரு கணம் நின்று, சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கையை எடுப்பாய். அந்தப் புள்ளி எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும். பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட மாறவில்லை. இந்த வண்டியில் எல்லாப் புள்ளியும் வலப்பக்கம் இருக்கிறது. இடது கையால் வெல்டிங் டார்ச் பிடிக்கிறவன்தான் அப்படிப் போவான். நல்ல வேலைக்காரன், குறை சொல்ல முடியாது. புள்ளி வைப்பதுகூட உன்னைப் பார்த்துக் கற்றிருக்கிறான். ஆனால் அது நீ இல்லை.

வேறு யார் இப்படிச் செய்திருந்தாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பேன். மூன்று நாள் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதற்காக என்னைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனவன் நீ. அந்த நீ இன்னொருவன் வேலைக்கு உன் பெயரைப் போட்டுக்கொண்டாய் என்றதும் எனக்கு ஆத்திரம் வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

யார் அந்த இடதுகைக்காரன்? அதை மட்டும் சொல்.

மச்சான்


ஜூன் 2

மச்சான்,

உன் கடிதத்தை உன் தங்கைதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் முன்னால் வைத்து, "இப்பயாவது சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்" என்றாள். அவளுக்குக் கோபம் உன் மேல் மட்டும் இல்லை.

அந்த இடதுகைக்காரன் நான்தான்.

நாலு வருஷத்துக்கு முன் என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளரில் தெரிந்தது. தூக்கக் குறைவு என்று நினைத்தேன். பிறகு டார்ச் பிடிக்கும்போது தெரிந்தது. நேராகப் போக வேண்டிய கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. நரம்பு டாக்டர் என்னை எழுந்து நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். அந்தச் சுருளைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மாத்திரை இருக்கிறதாம், கொஞ்சம் தாமதப்படுத்துமாம், குணமாகாதாம்.

அன்று நேராகப் பட்டறைக்கு வந்தேன். அப்புறம் டார்ச்சை எடுத்து இடது கையில் வைத்துப் பார்த்தேன். பதினொரு மாதம், மச்சான். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் பழைய தகட்டில் கோடு போட்டுப் பழகினேன். மூட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பியை வலது கையில் பிடித்து, அந்த மணிக்கட்டை பெஞ்சோடு பெல்ட் போட்டு இறுக்கிக்கொள்வேன். பெல்ட்டைக் கட்டிவிடுவதும் அவிழ்த்துவிடுவதும் உன் தங்கைதான். ஓட்டை விழுந்த தகடுகளை வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறாள், எறிய விடமாட்டேன் என்கிறாள். இடது கையில் எழுதவும் பழகினேன். நீ கிண்டல் செய்தாயே, அந்தக் கையெழுத்துதான் இது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது.

கோடு நேரான பிறகுதான் மறுபடி வண்டியைத் தொட்டேன். ஒவ்வொரு மூட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் நானே ஓட்டினேன், குண்டும் குழியுமான ரோடாகத் தேடிப் போய் ஓட்டினேன். உடைந்தால் என் எலும்புதானே முதலில் உடைய வேண்டும்.

பத்திரிகைக்கு ஏன் மறுப்பு எழுதவில்லை என்று கேட்பாய். எழுத உட்கார்ந்தேன். இன்னொருவன் செய்ததை என்னுடையது என்றேன் என்ற பழி நின்றாலும் என் கடை போய்விடும். கை நடுங்குகிறவன் செய்தது என்று சொன்னாலும் கடை போய்விடும். நடுங்குகிற ஆள் போட்ட மூட்டில் யார் உட்காருவார்கள்? நான் உட்காருவேன், வேறு யார்? எந்தப் பக்கம் போனாலும் சுவர். நீ ஒரு போன் செய்து "யாருடா அது இடதுகைக்காரன்?" என்று முன்னாலேயே கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பேன். பதினேழாவது இடத்தில் இருப்பவனை எங்கே கூப்பிடப் போகிறாய்.

உலகத்தில் அந்தப் புள்ளியைக் கவனித்தவன் நீ ஒருத்தன்தான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதைவிட வலித்தது.

மாப்பிள்ளை


ஜூன் 11

மாப்ளே,

ஐந்து தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஆறாவது.

நீ சொன்னதற்கு நான் என்ன சொன்னாலும் பொருந்தாது. அதனால் என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான் டார்ச் பிடித்து ஐந்து வருஷம் ஆகிறது. டிவியில் பார்க்கிறாயே, நான் முகமூடியை இறக்குவேன், பொறி பறக்கும், பின்னணியில் டிரம்ஸ் அடிக்கும். முகமூடியை இறக்கும் வரைக்கும்தான் அது நான். அப்புறம் என் மேஸ்திரி என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். முதலில் நேரமில்லை என்று செய்தோம். பிறகு அதுவே பழகிவிட்டது. முகமூடிக்குள் யார் என்று யாருக்குத் தெரியும்?

உன்னைப் பற்றி நான் பத்திரிகையில் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் என்னைப் பற்றியது. உன் மேல் சுமத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், மாப்ளே.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தனியாகப் பட்டறைக்குப் போனேன். உன்னைப் போலவே ஒரு தகட்டை எடுத்து இடது கையால் முயன்றேன். பாதி அங்குலம் போகவில்லை, ஓட்டை. சரி, வலது கையால் பார்ப்போம் என்று மாற்றினேன். அதிலும் ஓட்டை.

அட்டவணைக்காரரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். உன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. அந்த வண்டியின் ஒவ்வொரு மூட்டும் உன் கை, நான் தவறாகப் பார்த்தேன் என்றேன். என் பட்டறையில் எதுவும் என் கை இல்லை என்றும் சொன்னேன். "இதை அச்சில போட்டா உங்க நிகழ்ச்சி என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

நான் அங்கே வரட்டுமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாலும் போதும்.

மச்சான்


ஆகஸ்ட் 8

மச்சான்,

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்த நாலு வரித் திருத்தத்தைப் படித்தேன். உன் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். கண்ணாடிக் கதவு இன்னும் தானாகத் திறக்கிறதா?

ஆர்டரை வேண்டாம் என்ற இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் மன்னிப்புக்கூடக் கேட்டார். வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே அனுப்பிவிட்டேன். இடது கையும் ஆரம்பித்துவிட்டது, மச்சான். டாக்டர் முன்பே சொன்னதுதான், நான்தான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு பக்கத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. பட்டறையை மூடியாகிவிட்டது.

ஒரு பிரேம் மட்டும் மிச்சம் இருக்கிறது. யாருடைய ஆர்டரும் இல்லை, எனக்காக ஆரம்பித்தது. ஹேண்டில்பார் வந்து பொருந்தும் கழுத்து மூட்டு ஒன்றுதான் பாக்கி. இப்போதைக்குப் பிடித்துக்கொள்ள நாலு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்தியிருக்கிறேன். முழுக் கோடு போட என்னால் முடியவில்லை. வேறு ஒருவரைக் கூப்பிடவும் மனம் வரவில்லை.

நீ வரலாமா என்று கேட்டதை உன் தங்கையிடம் சொன்னேன். "வந்து கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போறதுக்கு ஊர்ல நெறைய பேர் இருக்காங்க. வேலை செய்ய வர்றதா இருந்தா வரச் சொல்லுங்க" என்றாள். அவள் அண்ணனுக்கு ஏற்ற தங்கை. நானும் அதையேதான் சொல்கிறேன். பார்க்க வராதே, முடிக்க வா. முதலில் கோடு நேராகட்டும்.

மாப்பிள்ளை


அக்டோபர் 18

மாப்ளே,

கண்ணாடிக் கதவைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி என்னைவிட்டுத் தனியாகக் கடை போட்டிருக்கிறார், தன் பெயரிலேயே. தினமும் காலையில் அவரிடம்தான் போய்ப் பழகுகிறேன். "சார், உங்க சட்டைய நீங்களே போட்டுப் பாக்க நல்லா இருக்கு" என்றார். இன்னொரு தகடு கொடுங்கள் என்றேன்.

இத்துடன் ஒரு தகடு அனுப்பியிருக்கிறேன். இது நூற்று நாற்பத்து மூன்றாவது. முந்தையவற்றைக் காட்ட எனக்கு வெட்கம். இதில் ஓட்டை இல்லை, நடுவில் ஒரு இடத்தில் மட்டும் லேசாக நெளிகிறது. முடியும் இடத்தில் உன்னைப் போலவே ஒரு புள்ளி வைக்கப் பார்த்தேன். எனக்கு அது வரவில்லை, பெரிதாகிவிட்டது.

பார்த்துச் சொல். வரலாமா?

மச்சான்


அக்டோபர் 29

மச்சான்,

தகடு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். மூன்றாவது அங்குலத்தில் அவசரப்பட்டிருக்கிறாய். அங்கேதான் நெளிகிறது. நீ அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான், பாதி தாண்டியதும் முடிந்துவிட்டது என்று ஓடுவாய். கையை பெஞ்சில் ஊன்று. புள்ளியை விடு, அது என்னோடு போகட்டும், உனக்கென்று ஒன்று தானாக வரும். இன்னும் ஒரு மாதம் பழகிவிட்டு வா.

மாப்பிள்ளை

அண்ணா,

மேலே உள்ளது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அவரால் இப்போது பேனா பிடிக்க முடியவில்லை. போன வாரத்திலிருந்து ஸ்பூனும் நான்தான் பிடிக்கிறேன். விழுங்குவதற்கும் கஷ்டப்படுகிறார். இதையெல்லாம் உன்னிடம் எழுதக் கூடாது என்றார். அவர் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தகட்டை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார். படுக்கையிலும் கைக்கடியில் வைத்துக்கொள்கிறார். அது கைக்கடியில் இருக்கும்போது நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருக்காது என்று டாக்டர் சொல்கிறார். காலையில் எழுந்ததும் அந்தப் பிரேமுக்கு நேராக நாற்காலியைப் போடச் சொல்லி, மத்தியானம் வரைக்கும் அந்த மூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வேலை செய்ய வந்தால் வா என்று நான்தான் சொன்னேன். கோபத்தில் சொன்னேன் அண்ணா. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் மூன்று மாதத்தைத் தகட்டில் ஓட்டிவிட்டீர்கள். இன்னும் ஒரு மாதமெல்லாம் பழக வேண்டாம். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா.

வரும்போது முகமூடி ஒன்று எடுத்து வா. இங்கே ஒன்றுதான் இருக்கிறது, அதை அவருக்குப் போட்டுவிட வேண்டும். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாராம், நீ போடுவதை முழுசாகப் பார்க்க வேண்டுமாம்.

தங்கை